மலாக்காவில் காணாமல் போன மூன்றாவது நட்சத்திரம்

போன வாரம் பத்திரிகையில் ஒரு செய்தி. ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை சுழலும் நட்சத்திரங்கள் வானத்தில் இருக்கின்றனவாம். பல்சார் என்று பெயர். அவை சுழலச் சுழல ஒரு துடிப்பு நம்மை வந்து எட்டுகிறது. அந்தத் துடிப்பு கொஞ்ச காலம் முந்தியும் கொஞ்ச காலம் பிந்தியும் மாறி மாறி வந்தால், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நட்சத்திரத்தோடு அது ஜோடி போட்டுச் சுற்றுகிறது என்று அர்த்தமாம். வாசித்துக்கொண்டிருந்தபோதே சிரிப்பு வந்து, காப்பி மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது.

"என்னவாம்?" என்றாள் என் மனைவி தனம்.

"மலாக்கா" என்றேன்.

அவளும் சிரித்தாள். இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னதும் அவள்தான். "நீங்களே எழுதிடுங்க. நான் எழுதினா உங்க மானம் இன்னும் மோசமாப் போகும்" என்றாள். நியாயமான பேச்சு.

மலாயா சுதந்திரம் வாங்கிய அடுத்த தை மாசம் நடந்த கதை இது. அப்போது நான் நாகப்பட்டினத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கணக்கு வாத்தியார் என்பதை வாசகர்கள் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். பின்னால் அவமானப்பட உதவும்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. கார்த்திகைக் கூட்டத்துக்கு வடக்கே அல்கோல் என்று ஒரு நட்சத்திரம் இருக்கிறது. இரண்டு நாள் இருபது மணி நாற்பத்தொன்பது நிமிஷத்துக்கு ஒருமுறை அது மங்கும், பிறகு பழையபடி பிரகாசிக்கும். காரணம், அது ஒன்றல்ல, இரண்டு. ஒளி குறைந்தது ஒளி மிகுந்ததை மறைத்துக்கொண்டு போகும்போது நமக்கு மங்கல். உலகத்துக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். எனக்கு மட்டும் தெரிந்ததாக நான் நினைத்த விஷயம் வேறு. மங்கும் நேரத்தை நானே கணக்குப் போட்டு அட்டவணை தயாரித்து, மொட்டைமாடியில் உட்கார்ந்து பதினோரு வருஷம் சரிபார்த்தேன். தனம் பக்கத்தில் அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்து, நான் சொல்லும் நேரத்தை நோட்டில் குறித்துக்கொள்வாள். அட்டவணைப்படி அது வருவதே இல்லை. கார்த்திகை மாசம் சில நிமிஷம் முந்தும். பங்குனியில் சில நிமிஷம் பிந்தும். மறுபடி முந்தும், மறுபடி பிந்தும்.

அப்படியென்றால்? யாரும் பார்க்காத மூன்றாவது நட்சத்திரம் ஒன்று அந்த ஜோடியை இழுத்து ஆட்டுகிறது! அதன் சுற்று எவ்வளவு காலம் என்றும் கணக்குப் போட்டேன். சரியாக ஒரு வருஷம் வந்தது. இந்த எண்ணை எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறோமே என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு அழகான எண் என்று பூரித்துப்போனேன்.

வெளிநாட்டு வானியல் சங்கம் ஒன்றுக்குக் கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்தேன். 'எவருடைய உதவியுமின்றி, தனியொருவனாக' என்று தொடங்கும் கடிதம். புதிய நட்சத்திரத்துக்கு எங்கள் ஊர்ப் பெயரை வைக்கலாம் என்று அடக்கத்தோடு ஒரு யோசனையும் சொல்லியிருந்தேன். தலைமையாசிரியர் பாராட்டு விழாவுக்குத் தேதி பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரே ஒரு குறை. என் மாடியிலிருந்து பார்த்தது மட்டும் சாட்சி ஆகுமா? வேறொரு தேசத்தில் நின்றும் ஒருமுறை பார்த்துவிட்டால் எவனும் வாய் திறக்க முடியாது என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தனத்தின் அண்ணன் ராசய்யா மலாக்காவிலிருந்து எழுதினார். தங்கையைப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது, பொங்கலுக்கு வரட்டும், கப்பல் செலவு என்னுடையது என்று. அவர் கூப்பிட்டது தங்கையை. போனது நான். பிள்ளைகளுக்குப் பரீட்சை, மாட்டைப் பார்க்க ஆள் இல்லை என்று நூறு காரணம் சொன்னேன். தனம் அண்ணனுக்கு முறுக்கும் மோர் மிளகாயும் கட்டிக் கொடுத்தாள். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

என் பதினோரு வருஷத்தையும் பத்தடிக்கு மேல் நீளமுள்ள ஒரே தாளில் வரைபடமாக்கி, சுருட்டி, தகரக் குழாயில் போட்டுக்கொண்டேன். அந்தக் குழாய் எனக்குப் பண்ணிய உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்திருந்தாலும் அங்கே காட்டுக்குள் ஆயுதக்காரர்களோடு சண்டை ஓயாத காலம். கப்பலை விட்டு இறங்கி நான் ஏறிய மலாக்கா பஸ்ஸை வழியில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். மலாய்ப் போலீஸ்காரர் குழாயின் மூடியைத் திறந்ததுதான் தாமதம், சுருள் விடுபட்டு இருக்கைகளுக்கு நடுவே கடகடவென்று ஓடி, கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு சீன அம்மாளின் காலடியில் போய் நின்றது. பஸ் முழுக்க மேடும் பள்ளமுமாக என் வளைகோடு.

முன்சீட்டுத் தமிழர் ஒருவர் திரும்பி, "ஐயா, மாத்தா கேக்குறாரு, இது எந்தக் காட்டுப் பாதைன்னு" என்றார். போலீஸ்காரரை அங்கே மாத்தா என்பார்கள்.

"பாதை இல்லீங்க, நட்சத்திரம்" என்று மேலே கையைக் காட்டினேன். பஸ்ஸின் கூரைதான் இருந்தது. போலீஸ்காரர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன்னோடு வந்தவரிடம் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று முன்சீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க. ஆளு கெட்டவன் இல்லே, மரை கழண்டவன், விட்டுருவோம்னு சொல்றாரு."

போகும்போது போலீஸ்காரர் தனம் கட்டிய முறுக்கில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். அந்த பஸ்ஸில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்த முறுக்கால்தான்.

மலாக்காவில் இறங்கி மூன்று சக்கர ரிக்ஷா பிடித்தேன். நம் ஊர் போல ஓட்டுகிறவருக்குப் பின்னால் உட்காருவதில்லை. அவர் மிதிக்க, பயணி பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போக வேண்டும். குழாயைக் குறுக்கே வைத்துக்கொண்டேன். காஜா பெராங் தெருத் திருப்பத்தில் அது, மீ என்கிற சீன சேமியா விற்கும் தள்ளுவண்டியின் குடையில் மாட்டி, குடை எங்களோடு கிளம்பி வந்துவிட்டது. கடைக்காரர் கரண்டியோடு துரத்தினார். ரிக்ஷாக்காரர் பயந்துபோய் இன்னும் வேகமாக மிதித்தார். இப்படியாகத்தான் ஒரு கையில் நட்சத்திரமும் மறு கையில் திருட்டுக் குடையுமாக மைத்துனர் வீட்டு வாசலில் போய் இறங்கினேன்.

ராசய்யா மச்சான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற டிரஸ்ஸர். வாசலுக்கு ஓடிவந்தவர் என்னைத் தாண்டி ரிக்ஷாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னா மாப்ளே, தங்கச்சி எங்கே?"

"வரலை மச்சான். நான்தான் வந்தேன்."

அவர் முகம் விழுந்துபோனது. ஒரு நொடிதான். அப்புறம், "தாப்பாலா, வாங்க உள்ளே" என்றார். தாப்பா என்றால் பரவாயில்லை என்று அர்த்தம்; லா என்பது அங்கே எந்தப் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும். பரவாயில்லை என்று சொல்லும்போது மனிதர்களுக்கு எவ்வளவு பரவாயிருக்கிறது என்று அந்த முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். குடையை அவரே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் முழுக்கப் பட்டினி. குற்றம் என்னுடையது. கணக்கு குழம்பிவிடக் கூடாது என்று என் கைக்கடிகாரத்தை நாகப்பட்டினத்து நேரத்திலேயே வைத்திருந்தேன். மலாக்கா இரண்டு மணி நேரம் முன்னால் போகிற ஊர். காலைப் பலகாரத்துக்கு நான் கை கழுவி வந்தபோது மச்சான் மனைவி செல்லம்மா அக்கா பாத்திரம் கழுவி முடித்திருந்தார். மத்தியானமும் அப்படியே. கடைசியில் தெருமுனைக் கடைக்குப் போய்க் காப்பி கேட்டேன். டப்பாப் பாலை அடியில் ஊற்றி, மேலே கறுப்பாக எதையோ ஊற்றிக் கொடுத்தான். எங்கள் ஊர்க் காப்பியைக் குடித்தால் தூக்கம் போகும். அதைக் குடித்தபோது பசியும் சேர்ந்து போனது. இரண்டாவது கோப்பையும் கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் மச்சான் என்னை கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். "நம்ம ஊர் அலை மாரி இருக்காது மாப்ளே, குளம் மாரி கெடக்கும்" என்றார். குளம் மாதிரிதான் கிடந்தது. தனம் எப்படி இருக்கிறாள், இன்னும் மாங்காயைக் கண்டால் விடமாட்டாளா, சிரித்தால் இன்னும் கண்ணில் தண்ணீர் வருமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் மூன்றாவது நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு பேரும் தனித்தனியாகப் பேசியபடி வீடு திரும்பினோம்.

பக்கத்து வீட்டில் ஒரு சிட்டி குடும்பம். பல தலைமுறைக்கு முன் வந்த தமிழர்களின் வம்சத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நெற்றியில் விபூதி, வாசலில் மாவிலை, சாமி அறையில் குத்துவிளக்கு. பெண்கள் மலாய்க்காரிகள் போலக் கைலியும் மேல்சட்டையும் அணிந்திருந்தார்கள். பேச்சும் மலாய்தான். தமிழில் ஊறுகாய் அளவுக்குச் சில சொற்கள் மட்டும். இதை மச்சான் முதல் நாளே சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை. இவ்வளவு விபூதி பூசியவர்களுக்குத் தமிழ் தெரியாமலா இருக்கும் என்பது என் கணக்கு. என் மற்றக் கணக்குகளைப் போலவே இதுவும்.

அந்த வீட்டுப் பெண் லெட்சுமிக்கு முப்பது வயது இருக்கும். நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களைப் படி எடுக்கும் வேலை. நல்ல ஆங்கிலம் பேசுவாள். என் சுருளைத் திண்டாடித் திண்டாடி நான் விரித்துக் காட்டியபோது, அந்த ஊரில் அதைக் கொட்டாவி விடாமல் பார்த்த முதல் ஆள் அவள்தான். சுருளைக் கடிதத்தோடு அனுப்பப் போகிறேன், எனக்கென்று ஒரு படி இல்லையே என்றேன். "டிரேசிங் பேப்பரில் நான் எடுத்துத் தருகிறேன் சார். ஆனால் பத்தடிக்குத் தாள் கிடையாது, ஒரு வருஷத்துக்கு ஒரு தாளாகத்தான் எடுப்பேன்" என்றாள். தாராளமாக எடு அம்மா என்று பெருந்தன்மையோடு சம்மதித்தேன்.

மூன்றாம் நாள் போகி. அன்று முன்னிரவில்தான் அல்கோல் மங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத என் மூன்றாவது நட்சத்திரம் உண்மையானால், அட்டவணைக்கு நாலு நிமிஷம் முன்னால் மங்க வேண்டும். மச்சானும் அக்காவும் பொங்கல் பானை, கரும்பு வாங்க ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். அதற்கு முன்பே ரேடியோவின் நேரம் கேட்டுக் கடிகாரத்தைச் சரிபார்த்துவிட்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டேன். பக்கத்து நட்சத்திரம் ஒன்றோடு ஒப்பிட்டு, அதே அளவுக்கு மங்கும் நேரத்தையும், மறுபடி அதே அளவுக்குத் தேறும் நேரத்தையும் குறித்தால், இரண்டுக்கும் நடுநேரம்தான் முழு மங்கல். பார்க்க வானம் நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலில்தான் வரிசையாக விளக்குகள்.

"அந்த விளக்கை எல்லாம் கொஞ்சம் அணைக்கலாமா?" என்று நல்ல தமிழில் கத்தினேன். ஜன்னலில் ஒரு முகம் தெரிந்து, சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனது. விளக்கு அணையவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக் கதவு திறந்தது. லெட்சுமி, அவள் அண்ணன், அண்ணி, சொந்தக்காரர்கள் என்று ஒரு பத்துப் பதினைந்து பேர் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, முற்றத்தில் சத்தமில்லாமல் நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. செய்தி பரவியிருக்கிறது! நான் கண்டுபிடிப்பதைப் பார்க்க ஒரு குடும்பமே திரண்டு வந்து நிற்கிறது! நாகப்பட்டினத்தில் பாராட்டு விழா எதற்கு, இதோ இங்கேயே நடக்கிறது. எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்பர்களே" என்று ஆரம்பித்தேன். ஜோடி நட்சத்திரம் என்றால் என்ன, ஒன்று மற்றொன்றை எப்படி மறைக்கிறது, மூன்றாவது ஒன்று இருப்பதை எப்படி ஊகித்தேன் என்று கையை ஆட்டி ஆட்டி ஒரு கால் மணி நேரம் பேசினேன். அவர்கள் அசையாமல் கேட்டார்கள். ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உருகிவிட்டார் என்று நினைத்தேன். லெட்சுமி மட்டும் இரண்டு முறை விரலை உதட்டில் வைத்தாள். அவளையும் மற்றவர்களை அமைதிப்படுத்துகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் அவள் அண்ணன் போய்க் கதவை மெல்லத் தட்டித் திறந்தார். எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். யாரும் கை தட்டவில்லை. என்ன ஜனங்கள் இவர்கள் என்று மனசுக்குள் குறைப்பட்டேன்.

மச்சான் கரும்போடு திரும்பி வந்ததும் பெருமையாகச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதன் பக்கத்தில் தானும் சாய்ந்துகொண்டார்.

"ஐயையோ மாப்ளே! இன்னைக்கு அவங்களுக்கு பார்ச்சு லா! செத்துப்போனவங்களுக்கு அவங்களுக்குப் பிடிச்சதை எல்லாம் ஆக்கி, எலை போட்டுப் படைப்பாங்க. அவங்க வந்து நிம்மதியாச் சாப்பிடணும்னு வீட்டு ஆளுங்க வெளியே வந்து பேசாம நிப்பாங்க. அந்த நேரத்துலயா நீங்க பிரசங்கம் பண்ணீங்க?"

"விளக்கை வேறு அணைக்கச் சொன்னேன் மச்சான்."

செல்லம்மா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்த முற்றத்திலேயே குழி தோண்டி இறங்கிவிடலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க ஓடினேன். லெட்சுமியின் அண்ணன் மலாயில் ஏதோ சொன்னார், மச்சான் தமிழில் சொன்னார்: "பரவாயில்லையாம். அவங்க தாத்தா, பாட்டனுக்கெல்லாம் தமிழ் தெரியுமாம். ரொம்ப வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் சாப்பிடும்போது தமிழ் கேட்டிருப்பாங்கங்கிறாரு." பிறகு எனக்கும் இலை போட்டார்கள். தேங்காய்ப்பால் சோறு, பொரித்த மீன், கருவாட்டை நினைவுபடுத்தும் இறால் சம்பல் என்ற காரத் துவையல். முதல் வாயில் காது அடைத்தது, இரண்டாவதில் கண் கலங்கியது, மூன்றாவதற்குப் பிறகு நான் தலை நிமிரவில்லை.

இடையிடையே கை கழுவிக்கொண்டு ஓடி நட்சத்திரத்தையும் பார்த்துக்கொண்டேன். அது தேறி வந்த நேரத்தை, முன்பே குறித்திருந்த மங்கும் நேரத்தோடு சேர்த்து, கணக்குப் போட்டு, இரண்டு முறை சரிபார்த்தேன். சரியாக நாலு நிமிஷம் முன்னால்! முற்றத்தில் ஒரு குதி குதித்தேன். வேறொரு தேசத்திலிருந்து பார்த்தும் நாலு நிமிஷம். மூன்றாவது நட்சத்திரம் இருக்கிறது. கடிதத்தில் அந்த எண்ணை எழுதி, உறையை ஒட்டி, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். கனவில் எனக்கு மாலை விழுந்தது.

மறுநாள் பொங்கல். சர்க்கரைப் பொங்கல் தின்ற மயக்கத்தில் இருந்தபோது லெட்சுமி கூப்பிட்டாள். படி எடுத்து முடித்துவிட்டாள். பதினோரு தாள். என்ன சுத்தமான கை! நான் பாராட்டத் தொடங்குமுன் அவள் ஒரு காரியம் செய்தாள். அலுவலகப் பழக்கம்தான். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக மூலை சேர்த்து அடுக்கி, சரிபார்ப்பதற்காக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள். வெயில் பின்னாலிருந்து விழுந்தது.

பதினோரு வளைகோடும் ஒரே கோடாகத் தெரிந்தது.

"சார், தப்பாக நினைக்காதீர்கள்" என்றாள் ஆங்கிலத்தில். "ஒரே தாளைப் பதினோரு தடவை வரைந்திருக்கிறீர்களே, ஏன்?"

"வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது அம்மா. அதனால்தான் அப்படி" என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் மெலிந்து கேட்டது.

"எங்கள் ஆபீஸில் வெவ்வேறு வருஷத்து வரைபடங்களை இப்படித்தான் அடுக்கிப் பார்ப்போம். ஒரு இடத்தில் மட்டும் கோடு விலகினால் ஆறு நகர்ந்திருக்கும், இல்லை யாராவது எல்லைக்கல்லை நகர்த்தியிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விலகினால் நிலத்தைச் சந்தேகப்பட மாட்டோம். அளந்தவர் எங்கே நின்றார் என்றுதான் முதலில் கேட்போம்."

"நான் எங்கே நின்றாலும் ஒன்றுதான்! நாகப்பட்டினத்தில் நின்று பார்த்தேன். நேற்று இங்கே நின்று பார்த்தேன். இரண்டு தேசத்திலும் ஒரே..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. இன்றுவரை முடிக்கவில்லை.

நான் எங்கே நின்றேன்? பூமியில் நின்றேன். பூமி வருஷத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. கார்த்திகையில் அது அல்கோல் இருக்கும் பக்கமாக ஒதுங்கி நிற்கிறது, அதனால் ஒளி சில நிமிஷம் முன்னதாக வந்து சேர்கிறது. பங்குனிக்குள் மறுபக்கம் நகர்ந்துவிடுகிறது, ஒளி கூடுதல் தூரம் வர வேண்டியிருக்கிறது, பிந்துகிறது. அட்டவணை போடும்போது அதைக் கழித்துவிட வேண்டும். ஏழாம் வகுப்பில் பூமி எதைச் சுற்றுகிறது என்று ஆண்டுதோறும் பரீட்சைக் கேள்வி கேட்கிற மனிதன், பதினோரு வருஷம் மாடியில் உட்கார்ந்து கண்டுபிடித்தது அதைத்தான். நான் கடலைத் தாண்டி வந்தேன். பூமியைத் தாண்டவில்லை.

ஜன்னலோரப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். லெட்சுமி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அழுகை வரும் போலிருந்தது. பதினோரு வருஷம். எத்தனை பனி, எத்தனை கொசு. பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது, சுருளைக் காட்டி இன்னொன்று கேட்டாள்.

"இதில் இரண்டு பேர் கை இருக்கிறது சார். புள்ளிகள் ஒருவர் வைத்தது. எண்கள் வேறொருவர் எழுதியது. படி எடுக்கிறவர்களுக்கு இது உடனே தெரியும். எண்கள் பதினோரு வருஷமும் ஒரே மாதிரி, ஒரு இடத்தில்கூட அடித்தல் இல்லை. யார் எழுதியது?"

"என் மனைவி."

"அவர் வரவில்லையா?"

தம்ளரைக் கீழே வைத்தேன். 'எவருடைய உதவியுமின்றி, தனியொருவனாக.' அந்த வரி ஒட்டிய உறைக்குள் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. என் கோழிக்கிறுக்கலை எனக்கே வாசிக்கத் தெரியாது. தூக்கக் கலக்கத்தில் நான் நிமிஷத்தை மாற்றிச் சொன்னபோதெல்லாம் 'இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க' என்றவள் அவள். அவளுடைய அண்ணன், அவளுக்கு அனுப்பிய கப்பல் பயணம், அதில் வந்து உட்கார்ந்துகொண்டு நான் அவள் பெயரைக்கூடக் கடிதத்தில் எழுதவில்லை.

மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாராட்டு விழா போச்சு, தலைமையாசிரியர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று புலம்பினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப தங்கச்சி எழுதுன நம்பரெல்லாம் தப்பா?" என்றார்.

"அதெல்லாம் சரி மச்சான். நம்பர் எல்லாம் சரி. என் கணக்குதான் தப்பு."

"அப்பறம் என்னா? சரியா உள்ளதை அனுப்புங்க லா."

டிரஸ்ஸருக்குத் தெரிந்தது கணக்கு வாத்தியாருக்குத் தெரியவில்லை. பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். புதிதாக நாலு வரி எழுதினேன். கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, பதினோரு வருஷத்து நேரக் குறிப்புகளை அனுப்புகிறோம், பூமியின் நகர்வு கழிக்கப்படவில்லை, பார்த்தவர் இன்னார், குறித்தவர் தனலட்சுமி. மறுநாள் தபாலாபீசுக்கு நடந்தே போனேன். குழாயை நம்பி ரிக்ஷா ஏறத் தைரியம் இல்லை. குமாஸ்தா குழாயை ஆட்டிப் பார்த்து உள்ளே என்ன என்றார். "எண்கள்" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கிளம்பும் நாளில் ஜாலான் பெண்டஹாராவில் தனத்துக்கு ஒரு சேலை எடுத்தேன். லெட்சுமி பதினோரு தாளையும் நூல் போட்டுக் கட்டித் தந்தாள். மச்சான் ஒரு புட்டி சம்பல் கொடுத்து, "இதைச் சாப்பிட்டா அவளுக்குக் கண்ணுல தண்ணி வரும், எனக்கு எழுதச் சொல்லுங்க" என்றார். அடுத்த வருஷம் அவளையே அனுப்புகிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணினேன். அனுப்பவும் செய்தேன். அவள் இல்லாத அந்தப் பொங்கலுக்கு நானே குறித்த எண்களை இன்றுவரை ஒருவராலும் வாசிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் தனத்தை மாடி ஜன்னலுக்குக் கூப்பிட்டேன். பதினோரு தாளையும் அடுக்கி வெயிலில் பிடித்து, அதிர்ச்சியைத் தாங்கிக்கொள் என்று முன்னுரை சொல்லிவிட்டு, ஒரே கோடாகத் தெரிவதைக் காட்டினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஆமா. கார்த்திகைக்கு முந்தும், பங்குனிக்குப் பிந்தும். வருஷா வருஷம் அப்படித்தானே?"

"உனக்குத் தெரியுமா?"

"நான்தானே எழுதறேன். முதல் வருஷ நோட்டைப் பாத்தாலே அடுத்த வருஷம் என்ன வரும்னு தெரிஞ்சிடும். அதை வச்சுத்தானே பாலை அடுப்புல ஏத்திட்டு மேல வருவேன்."

"தெரிஞ்சா ஏன் சொல்லலை?" என்று கத்தினேன்.

"நட்சத்திரம்னா அப்படித்தான் இருக்கும்னு நெனைச்சேன்" என்றாள். "நீங்களும் பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட என்னைக் கேக்கலையே."

சேலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். அவள் சேலையைப் பிரித்துப் பார்த்து, கலர் நன்றாக இருக்கிறது என்றாள்.

அதனால்தான் போன வாரம் காப்பி மூக்கில் ஏறியது. இருமல் நின்றதும் பல்சார் செய்தியை அவளுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். துடிப்பு முந்துகிறது, பிந்துகிறது, கண்ணுக்குத் தெரியாத ஜோடி இருக்கிறது, பெரிய விஞ்ஞானிகள், பெரிய பெரிய கருவிகள். தனம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கவனமாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி" என்றாள். "மொதல்ல பூமியைக் கழிச்சாங்களான்னு பாருங்க."